துலாக்கோலும் மலரும்: சமூக ஊடகத்தில் சிங்கைத் தமிழாசிரியர்

முன்னுரை

தமிழ் இலக்கண நூல்களுள் ஆசிரியனின் இயல்பை விரிவாக வகுத்துரைப்பது நன்னூல். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூல், எழுத்தையும் சொல்லையும் ஆராயப் புகுமுன், கற்பிப்பவன் யார், கற்பவன் யார், கற்பிக்கும் முறை யாது, கற்கும் முறை யாது என்னும் வினாக்களுக்குப் பொதுப்பாயிரத்தில் விடை கூறுகிறது. ஓலையும் எழுத்தாணியும் வழங்கிய காலத்தில் எழுந்த அவ்விடைகள், கைப்பேசியும் கணினியும் வழங்கும் இக்காலத் தமிழாசிரியர்க்குப் பொருந்துமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்க வினாவாகும்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலை வழியே தேக்கா வட்டாரத்தைக் கடந்து செல்பவர் ஒரு காட்சியைக் காணத் தவறார். தமிழகத்திலிருந்து பணிக்கு வந்த இளைஞர், நடைபாதை ஓரத்தில் அமர்ந்து, ஊரிலுள்ள தாயின் முகத்தைக் கைப்பேசித் திரையில் கண்டு பேசிக்கொண்டிருப்பார். அதே வேளையில் தீவின் வேறொரு மூலையில் அடுக்குமாடி வீட்டில் வாழும் உயர்நிலைப்பள்ளி மாணவி ஒருத்தி, தன் தோழிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பாள். இருவர் கையிலும் ஒரே கருவி. ஆயின், ஒருவருக்கு அது தமிழைப் பேசும் கருவி; மற்றவருக்கு அது பெரும்பாலும் ஆங்கிலத்தை எழுதும் கருவி. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை எவ்வாறு கடப்பது என்பதே சிங்கைத் தமிழாசிரியர்முன் இன்று நிற்கும் பணி.

முகநூல் 2004ஆம் ஆண்டிலும் வாட்ஸ்அப் 2009ஆம் ஆண்டிலும் தோன்றின. அவை பரவிய வேகத்திற்கு ஈடுகொடுத்துத் தம்மை மாற்றிக்கொள்ள வேண்டிய நிலை, கரும்பலகையோடும் வெண்கட்டியோடும் பணியைத் தொடங்கிய ஒரு தலைமுறை ஆசிரியர்க்கு ஏற்பட்டது. அவர்கள் அவ்வூடகங்களில் எழுதுவனவற்றின் தன்மை யாது, நிறைகுறைகள் யாவை, மாணவர்க்கு அவற்றால் விளையும் பயன் யாது என்பனவற்றை நன்னூலார் தந்த அளவுகோல் கொண்டே இக்கட்டுரை மதிப்பிட முற்படுகிறது.

முன்னோர் கண்ட வழி

வகுப்பறைச் சுவர்களுக்கு வெளியே தமிழ் கற்பித்தல் இம்மண்ணுக்குப் புதியதன்று. 1950ஆம் ஆண்டளவில் மலேயாவின் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, செய்தித்தாளையே பள்ளிக்கூடமாக்கியது. சிங்கையில் கோ. சாரங்கபாணி 1935ஆம் ஆண்டில் தொடங்கிய ‘தமிழ் முரசு’, 1950களில் மாணவர் மணிமன்றத்தின் வாயிலாக இளையோர்க்கெனத் தனி இடம் ஒதுக்கியது. அப்பக்கத்தில் தம் பெயரை அச்சில் கண்டு மகிழ்ந்த சிறுவர் பலர், பின்னாளில் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் விளங்கினர். ஒரு சிறுவனை எழுத்தாளனாக்க அவன் பெயர் அச்சேறிய ஒரு பக்கம் போதுமானதாக இருந்தது.

கணினி யுகத்திலும் சிங்கைத் தமிழாசிரியர் பின்தங்கி நின்றாரல்லர். சிறுகதையாசிரியரும் தேசிய கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி இதற்குச் சிறந்த சான்று. தமிழெழுத்துகள் இணையத்தில் தோன்றுதற்கு வேண்டிய முறைகளை வகுப்பதில் அவர் உழைத்தார். 1995ஆம் ஆண்டு அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையத்தில் வெளியிடப்பட்டபோது, தமிழ்க் கவிதைகளும் உடன் இடம்பெற அவர் உழைப்பே துணைநின்றது. 1997ஆம் ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூர்த் தேசிய பல்கலைக்கழகத்தில் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றதிலும் அவர் பங்கு பெரிது. ‘இணையம்’ என்னும் சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்தவராகவும் அவர் போற்றப்படுகிறார். 1999ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது சமூக ஊடகம் என்னும் தொடர் பரவலாக வழக்கில் இருக்கவில்லை. எனினும் அதில் தமிழ் நடமாடுதற்குரிய தொடக்கப் பாதையை அமைத்தவருள் ஒருவர், தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட ஒரு சிங்கை ஆசிரியர் என்பது மறத்தற்குரியதன்று.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. புதிய ஊடகம் ஒன்று தோன்றும்போதெல்லாம் ஆசிரியர் அதனை நாடிச் சென்றுள்ளனர். ஆயின் அன்றைய ஊடகத்திற்கும் இன்றைய ஊடகத்திற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. நாளிதழுக்குப் பதிப்பாசிரியர் இருந்தார். வானொலிக்கு நிகழ்ச்சித் தயாரிப்பாளர் இருந்தார். எழுதியது பலர் பார்வைக்குச் செல்லுமுன் ஒரு வாயிலைக் கடந்தாக வேண்டும். சமூக ஊடகத்தில் அவ்வாயில் இல்லை. எழுதிய மறுகணமே ஊரார் படிக்கின்றனர். எனவே ஆசிரியர் எழுத்தாளராக மட்டுமன்றித் தமக்குத் தாமே பதிப்பாசிரியராகவும் அமைய வேண்டியவராகிறார். இக்கூடுதல் பொறுப்பை உணர்ந்தவர் எழுத்து ஒரு தரமாகவும், உணராதவர் எழுத்து வேறொரு தரமாகவும் அமைவதைக் காணலாம்.

குறைகள் நான்கு

ஆசிரியராகத் தகாதவர்க்கு நன்னூலார் நான்கு உவமைகள் கூறுகிறார். கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்பன அவை. தமிழாசிரியர்தம் சமூக ஊடகப் பதிவுகளைப் படிப்பவர்க்கு இந்நான்கும் நினைவிற்கு வாராமற் போகா.

கழற்காய்களைக் குடத்தில் ஒவ்வொன்றாக இட்டுப் பின் கவிழ்த்தால், இட்ட முறையில் அவை வெளிவாரா. காலையில் வணக்கப் படம், நண்பகலில் ஒரு குறள், மாலையில் பழைய திரைப்பாடல், இரவில் ஓர் இலக்கண வினா என ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் பக்கங்கள் கழற்குடத்தை ஒப்பன. ஒவ்வொன்றும் தனித்தனியே நல்லதாயினும், முன்னது பின்னதற்கு வழிவகுப்பதில்லை. புணர்ச்சியைப் பற்றி எழுதும் ஆசிரியர், முதலில் இயல்பையும் அடுத்துத் தோன்றல், திரிதல், கெடுதல் என்பனவற்றையும் வாரம் ஒன்றாக எழுதுவாராயின், ஒரு மாதத்தில் ஒரு பாடம் முடிந்திருக்கும். முறையின்றி எழுதின், ஓராண்டு எழுதியும் பாடம் தொடங்கியிராது.

மடற்பனை தன்மேல் ஏறி எடுக்க எளிதில் இடங்கொடாது. தானாக விழும் பழத்தையே பிறர் பெற முடியும். பதிவிடுவதோடு பணி முடிந்தது என எண்ணி, கீழே மாணவன் கேட்ட ஐயத்திற்கு விடை கூறாது விடும் ஆசிரியர் இத்தகையர். சமூக ஊடகத்தின் தனிச்சிறப்பே படித்தவன் உடனே வினவலாம் என்பதாகும். வினாவை ஏற்காத பக்கம், சுவரில் ஒட்டிய சுவரொட்டியினும் மேம்பட்டதன்று.

முடத்தெங்கு நீர் வார்த்தவனுக்கு இளநீர் தாராமல் அயலான் தோட்டத்தில் காயைச் சொரியும். எழுதும் ஆற்றல் மிக்க ஆசிரியர் சிலர்க்கு நேரும் இடர் இது. சென்னையிலும் கொழும்பிலும் டொராண்டோவிலும் உள்ள அன்பர்கள் அவர்தம் கவிதைக்கு விருப்பக்குறி இடுவர். அப்புகழில் தவறேதுமில்லை. ஆயின், அவ்விரவில் தம் வகுப்பு மாணவர் முப்பதின்மர் எழுதிய கட்டுரை ஏடுகள் திருத்தப்படாமல் மேசைமீது கிடக்குமாயின், அத்தென்னை எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதை அவரே உணர்தல் வேண்டும்.

பருத்திக் குண்டிகையில் பஞ்சை அடைப்பதும் அரிது. அடைத்ததை வெளியே எடுப்பதும் அரிது. புதிய கருவியைக் கற்றுக்கொள்ள இடர்ப்பட்டு, கற்றதைப் பயன்படுத்தவும் இடர்ப்படும் மூத்த ஆசிரியர் நிலை இதனை ஒத்தது. இக்குறையைப் பிற மூன்றோடு ஒன்றாக எண்ணுதல் நேர்மையாகாது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் தொற்றுக் காரணமாகச் சிங்கைப் பள்ளிகள் அனைத்தும் முழுநேர வீட்டுக் கல்விக்கு மாறின. கல்வி அமைச்சு 2018ஆம் ஆண்டிலேயே மாணவர் கற்றல் தளத்தை அமைத்திருந்தமையால் கருவி இருந்தது. ஆயினும் அக்கருவியோடு பழக்கம் எல்லார்க்கும் ஒரே அளவில் இருந்ததில்லை. முப்பதாண்டுக் காலம் மாணவர் முகம் நோக்கிப் பழகிய ஒருவர், ஒரே கிழமையில் திரையை நோக்கிப் பேசப் பழக வேண்டியதாயிற்று. குரலை அடைத்து வைத்திருக்கும் பொத்தானைத் திறக்க மறந்து பேசிய ஆசிரியர்க்கு அதனைச் சுட்டிக்காட்டியவன் பெரும்பாலும் மாணவனே. அவ்வேளையில் நாணியவரும் உண்டு; நகைத்து நன்றி கூறியவரும் உண்டு. பின்னவரே விரைந்து கற்றனர். மாணவனிடம் கற்றுக்கொள்வது ஆசிரியரின் மதிப்பைக் குறைப்பதில்லை. கற்றல் எத்தகையது என்பதைச் சொல்லாமற் சொல்லும் பாடமாகவே அஃது அமைகிறது.

எழுத்தும் விசையும்

மாணவர் சமூக ஊடகத்தில் தமிழை ஆங்கில எழுத்தால் எழுதுகின்றனர் என்பது ஆசிரியர் பலர் கூறும் முதற்குறை. குறை உண்மையே. ஆயின் அதன் காரணம் மொழிப்பற்றின்மை என்று முடிவு செய்தல் பொருந்தாது. எழுத்தைத் தட்டச்சு செய்யும் முறையை அம்மாணவர்க்கு எவரும் முறையாகக் கற்பிக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணமாகும். கையெழுத்துக்கு இரட்டைக்கோடு, நாற்கோட்டு ஏடுகள் தந்து ஆண்டுக்கணக்கில் பயிற்சி அளிக்கும் பள்ளி, விசைப்பலகைக்கு ஒரு திங்களேனும் ஒதுக்க வேண்டாவா?

வசதிகள் இல்லாமற் போகவில்லை. உலகப் பொதுக் குறியீட்டு முறையாகிய யூனிகோடில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்தது. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் கணினியிலும், செல்லினம் கைப்பேசியிலும் தமிழை எழுத வழிசெய்தன. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையடுத்துத் தமிழ்99 என்னும் விசைப்பலகை முறை தமிழக அரசின் ஏற்பைப் பெற்றது.

இவற்றுள் தமிழாசிரியர் தனியே கருதத்தக்கது தமிழ்99. அதில் உயிரெழுத்துகள் இடக்கை விரல்களுக்கும் மெய்யெழுத்து வரிசைகள் பெரும்பாலும் வலக்கை விரல்களுக்கும் அமைந்துள்ளன. ககர விசையை அழுத்திப் பின் உகர விசையை அழுத்தினால் ‘கு’ தோன்றும். உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் கூடி உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு பிறப்பதை மாணவன் கரும்பலகையில் காண்பதற்கு மாறாகத் தன் விரல்களாலேயே நிகழ்த்திக் காண்கிறான். ஒலிபெயர்ப்பு முறையிலோ, ஆங்கில எழுத்தைத் தட்டினால் கருவியே தமிழ்ச்சொற்களைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. லகர, ளகர, ழகரங்களுள் எது சரியானது என்பதை மாணவன் நினைவுகூர வேண்டியதில்லை. முதலாவது முறை இலக்கணத்தைப் பயிற்றுகிறது. இரண்டாவது முறை இலக்கணத்திற்கு விடுமுறை அளிக்கிறது. விரைவு கருதி இரண்டாவதைப் பயன்படுத்துவோரைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் பள்ளியில் முதற்கண் கற்பிக்கத்தக்கது எது என்பதில் ஐயம் எழ இடமில்லை.

பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும்

தமிழ் இரட்டை வழக்கு மொழி. வகுப்பறையில் எழுத்து வழக்கே நெடுங்காலம் கோலோச்சியது. 2005ஆம் ஆண்டில் தமிழ்மொழிப் பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும் மறுஆய்வு செய்த குழு, தரமான பேச்சுத்தமிழையும் வகுப்பறையில் பயிற்ற வேண்டுமெனப் பரிந்துரைத்தது. வீட்டில் தமிழ் பேசும் பழக்கம் அருகிவருவதே இதற்கு அடிப்படை. அப்பழக்கம் பின்னரும் குறைந்தே வந்துள்ளது. ஐந்து வயதிற்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காட்டினர்; 2020ஆம் ஆண்டில் 2.5 விழுக்காட்டினர். அதே பத்தாண்டில் வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காடாக உயர்ந்தனர்.

இந்நிலையில், ஒரு மாணவன் தன் நண்பனுக்குப் பேச்சுத்தமிழில் நான்கு வரி எழுதுகிறான் என்றால், அச்செயலை எவ்வாறு மதிப்பிடுவது? ‘கொச்சை’ என ஒதுக்கும் ஆசிரியர் உளர். தேர்வுத்தாளில் அவ்வாறு எழுதினால் மதிப்பெண் குறையும் என்பதும் உண்மை. ஆயின், சிறுகதையில் பாத்திரங்களின் உரையாடலாக மட்டுமே எழுத்தில் இடம்பெற்று வந்த பேச்சுத்தமிழ், இன்று நாள்தோறும் பெருந்திரளாக எழுதப்படுகிறது. தமிழ் எழுத்து வரலாற்றில் இது புறக்கணிக்கத்தக்க நிகழ்வன்று. நண்பனுக்கு எழுதும் செய்தியில் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என எழுதுபவன் நகைப்புக்கு இடமாவான். தலைமையாசிரியர்க்கு எழுதும் விடுப்புக் கடிதத்தில் ‘வந்துட்டிருக்கேன்’ என எழுதுபவனும் அவ்வாறே ஆவான். இடமறிந்து வழக்கைத் தேர்ந்தெடுக்கும் திறனே மொழித்திறன். ஒரே செய்தியை நண்பனுக்கும், தாத்தாவிற்கும், நாளிதழுக்கும் எழுதுமாறு மாணவனைப் பணிப்பது எளிய பயிற்சி. அப்பயிற்சிக்குச் சமூக ஊடகத்தினும் பொருத்தமான களம் வேறில்லை.

எனவே இவ்வூடகத்தில் எழுதும் ஆசிரியரின் தமிழும் ஒரே நடையில் இறுகி நிற்றல் ஆகாது. மேடைப் பேச்சின் அடுக்குமொழியைத் திரைக்குக் கொண்டுவரும் பதிவுகள் படிக்கப்படாமலே கடந்து செல்லப்படுகின்றன. மாறாக, இளையோரை ஈர்க்கும் பொருட்டு ஆங்கிலச் சொற்களை இடையிடையே தெளித்து எழுதும் பதிவுகள், ஆசிரியர் பக்கத்திற்குரிய காரணத்தையே இழந்துவிடுகின்றன. எளிய தூய தமிழ் என ஒன்று உண்டு. அஃது இரண்டு எல்லைகளுக்கும் நடுவே உள்ளது.

ஒரு பிழையும் ஒரு துயரமும்

நல்லாசிரியர்க்கு நன்னூலார் கூறும் உவமைகள் நிலம், மலை, துலாக்கோல், மலர் என்பன. இவற்றுள் துலாக்கோலும் மலரும் ஒன்றோடொன்று முரணுவன போலத் தோன்றும் இடம் சமூக ஊடகம். அதனைக் கீழ்க்காணும் நிலையொன்று தெளிவாக்கும்.

தமிழில் எழுதும் பழக்கம் அதிகமில்லாத மாணவி ஒருத்தி, தன் பாட்டி மறைந்த அன்று, பாட்டியின் படத்தோடு தமிழில் ஒரு வரி எழுதுகிறாள் எனக் கொள்க. பாட்டி அவளோடு தமிழிலேயே பேசியவர் ஆதலால் அவளும் தமிழிலேயே எழுத விரும்புகிறாள். ‘இறந்து விட்டார்’ என எழுத வேண்டிய இடத்தில் ‘இரந்து விட்டார்’ என எழுதிவிடுகிறாள். வல்லின றகரம் இடையின ரகரமாயிற்று. மறைந்த மூதாட்டி பிச்சையெடுத்தவர் ஆனார். அவ்வரியை அவளுடைய தமிழாசிரியர் காண்கிறார்.

துலாக்கோல் உண்மையை ஐயமறக் காட்ட வேண்டும், நடுநிலை தவறலாகாது. பிழை பிழையே. ஆகவே ஆசிரியர் அவ்வரியின் கீழே, உறவினரும் தோழியரும் காணத் திருத்தம் எழுதினால் இலக்கணம் காக்கப்படும். ஆயின் அம்மாணவி மறுமுறை தமிழில் எழுதமாட்டாள். தன் துயரைத் தமிழில் வெளியிட்டபோது கிடைத்தது சிவப்பு மையே என்பதை அவள் வாழ்நாள் முழுதும் மறவாள். வகுப்பறையில் ஏட்டின் ஓரத்தில் இட்ட சிவப்புக் குறியை ஆசிரியரும் மாணவியும் மட்டுமே கண்டனர். திரையில் இட்ட குறியை ஊரே காண்கிறது. கருவி மாறியதும் திருத்தத்தின் பொருளும் மாறிவிடுகிறது. இம்மாற்றத்தை உணராமையே சமூக ஊடகத்தில் ஆசிரியர் செய்யத்தக்க பிழைகளுள் கொடியது.

இனி, கண்டும் காணாததுபோல் விட்டுவிடுதல் தக்கதா எனின், அதுவும் அன்று. பாட்டியின் படத்தோடு அவ்வரியும் நெடுநாள் நிற்கும். தமிழறிந்த உறவினர் ஒருவர் பின்னொரு நாள் நகைக்கக்கூடும். அந்நகைப்பிலிருந்து அவளைக் காக்க வல்லவர் ஆசிரியர் ஒருவரே. ஆதலின் பலர் காணும் இடத்தில் ஆறுதல் மொழியும், அவள் மட்டுமே அறியும் வகையில் பெற்றோர் வழியாகவோ நேரிலோ மெல்லிய திருத்தமும், சில கிழமை சென்றபின் எவர் பெயரும் சுட்டாது வகுப்பு முழுமைக்கும் ரகர றகர வேறுபாட்டுப் பாடமும் என மூன்று நிலையாக அப்பணி அமைதல் வேண்டும். மலர் உரிய பொழுதறிந்து மலர்வது. திருத்தமும் பொழுதறிந்து செய்யப்படும்போது துலாக்கோலும் மலரும் முரண்படுவதில்லை.

துலாக்கோலுக்கு வேறொரு கடமையும் இவ்வூடகத்தில் உண்டு. பாரதியார் எழுதாத வரிகள் பாரதியார் பெயராலும், அப்துல் கலாம் கூறாத மொழிகள் அவர் பெயராலும் கையிலிருந்து கைக்குத் தாவுகின்றன. தமிழின் பழைமையைப் பற்றிச் சான்றற்ற செய்திகளும் அவ்வாறே பரவுகின்றன. தமிழாசிரியர் ஒருவர் அவற்றை மேலனுப்பினால், ‘ஆசிரியரே அனுப்பினார்’ என்னும் முத்திரை அவற்றின்மேல் விழுகிறது. மொழிப்பற்று மெய்ம்மைக்கு விலக்கு அளிப்பதில்லை. 2015ஆம் ஆண்டில் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின் பயனாகச் சிங்கப்பூர்த் தமிழிலக்கிய நூல்கள் தேசிய நூலகத்தின் வழி மின்வடிவம் பெற்றன. ‘தமிழ் முரசு’ பழைய இதழ்களும் நூலகத்தின் மின்தொகுப்பில் படிக்கக் கிடைக்கின்றன. மேலனுப்புமுன் மூலநூலைப் புரட்டிப் பார்ப்பதற்கு இக்காலத்தில் சாக்குக் கூற இடமில்லை. ஒரு பொய்யான மேற்கோளை மாணவரிடம் காட்டி, ‘இதன் மூலத்தைத் தேடுக’ என்று பணிக்கும் ஆசிரியர், ஊடகத்தின் நஞ்சையே மருந்தாக்குகிறார்.

பாராட்டும் திறனாய்வும்

விருப்பக்குறி என்பது திறனாய்வு அன்று. சிங்கைத் தமிழிலக்கியச் சூழலில் இதனை வலியுறுத்த வேண்டிய தேவை உண்டு. ஒருவர்க்கொருவர் அறிமுகமான சிறிய சமூகம் ஆதலின், ஒருவர் கவிதைக்கு மற்றவர் ‘அருமை’ என எழுதுவதும், அவர் கவிதைக்கு இவர் ‘மிக அருமை’ என எழுதுவதும் நாகரிகமாகக் கருதப்படுகின்றன. நூறு பாராட்டுகளைப் படித்து முடித்தபின்னும் கவிதையில் எது சிறந்தது என்பதை எழுதியவர் அறியார். 1976ஆம் ஆண்டில் தோன்றிய சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகம் நடத்தும் கதைக்களம் போன்ற சந்திப்புகளில், கதையைப் படித்து நிறைகுறை பேசும் மரபு உள்ளது. அம்மரபு திரையிலும் தொடர வேண்டும். ‘மூன்றாம் பத்தியில் கதை நிற்கிறது, அங்குத் தந்தை பேசியிருக்கலாம்’ என்னும் ஒரு வரி, இருபது ‘அருமை’களினும் பயனுடையது. ஆசிரியராக உள்ளவர் அத்தகைய வரியை எழுதுதற்குத் தகுதியும் கடமையும் உடையவர். மாணவரின் துயரத்தில் மென்மையும், முதிர்ந்த எழுத்தாளரின் படைப்பில் உறுதியும் காட்டுதல் ஒரே துலாக்கோலின் இருவேறு பயன்களே.

ஆசிரியன் தருவது காற்பங்கு

சமூக ஊடகம் ஆசிரியரின் இடத்தைப் பறித்துவிடும் என அஞ்சுவோர்க்கு நன்னூலே விடை கூறுகிறது. ஆசிரியன் உரைத்ததை எவ்வளவு செம்மையாக ஏற்றுக்கொண்டாலும் மாணவன் பெறுவது காற்பங்கே என்பது அந்நூலின் கருத்து. உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கும், கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என அது மேலும் கூறுகிறது. எட்டு நூற்றாண்டுகளுக்குமுன் ஓர் இலக்கண ஆசிரியர் தம் பங்கைத் தாமே காலாகக் குறைத்துக் கொண்டமை வியப்பிற்குரியது.

எஞ்சிய முக்கால் பங்கிற்குரிய இடம் எது? அக்காலத்தில் திண்ணையும் அவையும் இருந்தன. சிங்கையில் ஒரு காலத்தில் தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இன்று பீட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழ் நாள் முழுதும் ஒலித்த பள்ளி முற்றம் இன்று இல்லை. தமிழ்ப் பாடவேளை முடிந்ததும் மாணவர் வேறொரு மொழிக்குள் சென்றுவிடுகின்றனர். எனவே உடன்பயில்வோரோடு தமிழில் பழகவும், கற்றதைத் தமிழில் எடுத்துரைக்கவும் ஒரு முற்றம் வேண்டும். அம்முற்றத்தைத் திரையில் அமைக்கலாம் என்பதே இவ்வூடகம் தரும் வாய்ப்பு. குறுந்தொகைப் பாடல் ஒன்றைத் தன் சொற்களில் இரண்டு நிமிடம் விளக்கி ஒளிப்படமாக்கும் மாணவன், அதற்குமுன் பத்து முறை அப்பாடலைப் படித்திருப்பான். தேக்காச் சந்தையில் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் காய்கறிகளின் பெயரைக் கேட்டுத் தொகுக்கும் மாணவி, பாடநூலில் இல்லாத சொற்களோடு திரும்புவாள்.

ஆயினும் எல்லை வேண்டும். ஆசிரியரின் சொந்தப் பக்கமும் வகுப்பின் பக்கமும் வெவ்வேறாதல் நன்று. வயது நிரம்பாத மாணவரின் முகமும் பெயரும் பெற்றோர் இசைவின்றி வெளியிடப்படலாகா. இரவில் எந்நேரமும் வினாவிற்கு விடை கூறும் ஆசிரியர், நாளடைவில் வகுப்பறையில் விடை கூறும் வலிமையை இழப்பர். நிலம் உழுத காலத்திற்கேற்ப விளைவு தருவது. ஓய்வின்றி விளையும் நிலம் விரைவில் தரிசாகும்.

முடிவுரை

மாணாக்கருள் கடைப்பட்டவர்க்கு ஆட்டையும் ஓர் உவமையாக நன்னூலார் கூறுவார். ஒரு செடியில் வயிறு நிரம்ப மேயாமல் செடிதோறும் ஒரு தழையைக் கடித்துச் செல்வது ஆட்டின் இயல்பு. விரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் இக்காலப் படிப்பிற்கு இதனினும் பொருத்தமான உவமையை எவரும் கூறிவிட முடியாது. அவ்வூடகம் எல்லாரையும் ஆடாக்க முயல்கிறது, ஆசிரியரையும் விடுவதில்லை. புல் நிறைந்த இடத்தில் நின்று நிரம்ப மேய்ந்து, பின் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் ஆவின் இயல்பைத் தாமும் பேணி மாணவர்க்கும் பயிற்றுதலே இன்றைய தமிழாசிரியரின் கடன்.

கருவியைக் கற்றுக்கொள்வது இதில் எளிய பாதி. எப்பொழுது பேசுவது, எப்பொழுது திருத்துவது, எப்பொழுது வாளாவிருப்பது என்பதைக் கற்றுக்கொள்வதே அரிய பாதி. அவ்வரிய பாதிக்கு நன்னூல் இன்றும் துணைநிற்கிறது. பாட்டியை இழந்த மாணவி, அடுத்த பொங்கலன்று, றகரத்தைச் சரியாக இட்டு, மீண்டும் தமிழில் ஒரு வரி எழுதுவாளாயின், அவளுடைய ஆசிரியர் புதிய ஊடகத்திற்குத் தம்மைப் பொருத்திக்கொண்டார் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.